பிரியாவின் கால் முட்டிக்கு ஒரு பின்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. குளிர்காற்று அடிக்கிறது, கடைசியாக வருகிறவர் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். அரண்மனைக் கதை இல்லை. மைசூரில் எங்கள் மேட்டகள்ளித் தெருவில் கடைசிக்கு முந்தின வீட்டில் நடந்தது. சிரிக்கிற இடம் முதலிலேயே வந்துவிடும், அங்கேயே சிரித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால் போதும்.

மாதம்மா தன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கணவரிடம் நீட்டினாள்.

"நரச்சதையே எடுத்துக்குங்க. கருப்பு இனி எத்தன பாக்கி இருக்குது."

சித்தையன் அதை வாங்கிக் கல்லின்மேல் வைத்தார். வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கொட்டகை அது. இரும்பைச் சுழற்றிக் கடைகிற ஒரு பழைய லேத், பொருளை இறுக்கிப் பிடிக்கிற ஒரு வைஸ், தையல் மிஷினின் இரும்புக் கால்களில் பலகை போட்டுச் செய்த ஒரு மேசை. மேசைமேல் ட்ரில்லிங் மிஷினைப் பொருத்துகிற ஸ்டாண்டு ஒன்று. ட்ரில் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெப் கேமரா தலையைக் கவிழ்த்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு நாலு விரற்கடை கீழே, சமையல் மேடைக்கு வாங்கியதில் மிஞ்சிய கறுப்புக் கிரானைட் துண்டு. அதன்மேல் கிடந்த நரைமுடி, பக்கத்திலிருந்த கம்ப்யூட்டர் திரையில் கிணற்றுக் கயிறு மாதிரி தெரிந்தது. கயிற்றின் இரண்டு ஓரங்களிலும் தானாகவே இரண்டு பச்சைக் கோடுகள் வந்து ஒட்டின. கீழே ஒரு எண் வந்தது.

"பாயிண்ட் ஜீரோ ஆறு," என்றார் சித்தையன். "ஒரு மில்லிமீட்டர நூறாப் பங்கு வெச்சா அதுல ஆறு."

"அவ்வளவுதானுங்களா? எம்பட முடி நல்ல தடின்னு நெனச்சிருந்தேன்."

வாசலில் நின்று பார்த்த பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி கெம்பம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏனு சித்தையண்ணா, போட்டோ ஸ்டுடியோ போட்டாச்சா? எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுங்க, பாஸ்போர்ட் சைஸ்ல. மூக்கு மட்டும் சின்னதா வரணும்."

அந்தக் கேமராவே கெம்பம்மா வீட்டுடையதுதான். கொரோனா சமயத்தில் பேத்தி வீட்டிலிருந்தே படித்தபோது வாங்கியது. பள்ளிக்கூடம் திறந்ததும் அதைச் சாக்கில் போட்டு மொட்டை மாடியில் வைத்திருந்தாள். சித்தையன் கேட்டு வாங்கி, அதன் கண்ணான லென்ஸைக் கழற்றி, தானே கடைந்த ஒரு பித்தளை வளையத்தின் உதவியோடு கொஞ்சம் முன்னால் தள்ளிப் பொருத்தினார். அப்படிச் செய்தால் தூரத்தில் இருப்பது தெரியாது, கிட்டே இருப்பது பூதமாகத் தெரியும். கம்ப்யூட்டரில் போட வேண்டியதையெல்லாம் போட்டு, கோடு எப்படி வரும், எண் எப்படி வரும் என்று பார்த்துக் கொடுத்தது மகள் தமிழ்ப்ரியா, எங்களுக்கெல்லாம் பிரியா. பில்லிங் வேலை பார்க்கிற பெண், அந்த விஷயமெல்லாம் தெரியும். பழைய லேப்டாப்பையும் அவளே கொடுத்தாள்.

இதெல்லாம் விளையாட்டுக்குச் செய்த வேலை இல்லை, கண்ணுகளா. ஹனூர்ப் பக்கத்திலிருந்து இளவயதில் மைசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர் சித்தையன். சர்க்கரை வியாதி முதலில் அவருடைய பாதத்தைத் தொட்டது, பிறகு விரல் நுனிக்கு வந்தது. தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டரைத் திருகும்போது எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்கிற அந்த நொடியில் விரலில் ஒரு சின்னத் தடுமாற்றம் தெரியும். அது தெரியாமல் போயிற்று. காபி டம்ளர் சுடுகிறதா என்றுகூட உதட்டில் வைத்துத்தான் பார்த்தார். அளக்கத் தெரியாத கடைசல்காரனுக்கு என்ன வேலை? வீட்டோடு லேத் போட்டு, சின்னச் சின்ன இரும்புத் தண்டான பின், வளையமான புஷ் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் கொட்டகையைப் பூட்டிச் சாவியை மாட்டிவிட்டு, பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. கேமரா வந்த பிறகுதான் மனிதர் மறுபடியும் எழுந்து சவரம் செய்துகொண்டார். கேமரா எதையும் தொட வேண்டாம். பார்த்தால் போதும், அளவு சொல்லிவிடும்.

ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. அதை அவர் மாதம்மாவிடம் பல தடவை சொல்லியிருந்தார். சாமுண்டி மலை இங்கிருந்து பார்த்தால் உள்ளங்கை அளவு, பஸ் ஏறிக் கிட்டே போனால்தான் மலை. கேமராவுக்கும் அப்படித்தான். பொருள் ஒரு முடி அளவு கிட்டே வந்தாலும் பெரிதாகக் காட்டிவிடும். அதனால் ஸ்டாண்டைத் தொடக்கூடாது, கேமராவைத் தொடக்கூடாது, அளக்கிற பொருளைத் தவிரக் கல்லின்மேல் வேறு எதையும் வைக்கக்கூடாது. வேலை தொடங்கும்முன் 'மாஸ்டர்' என்று அவர் சொல்லும் ஒரு பளபளப்பான எஃகுப் பின்னை அந்தக் கல்லில் வைப்பார். அது சரியாக எட்டு மில்லிமீட்டர். திரையும் எட்டு என்று சொன்னால்தான் அன்றைய வேலை.

"நான் முழங்கையில அளக்கறேன்," என்பாள் மாதம்மா. தேவராஜா மார்க்கெட்டில் பூ விற்கிறவள் அவள். "ஒருத்தியும் கொறை சொன்னதில்ல. இவருக்கு முடியில நூத்துல ஒரு பங்கு வேணுமாம்."

"உன் முழங்கை வருசா வருசம் குட்டையாகுதுன்னு மார்க்கெட்டே பேசிக்குது."

"பேசுவாங்க, பேசுவாங்க. தலையில வெக்கறப்ப எல்லாம் வாய மூடிக்குவாங்க."

முந்தின வருடம் ஆயுதபூஜைக்கு மாதம்மா அந்தக் கல்லின் நட்டநடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டாள். அன்று சித்தையன் போட்ட சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. அவர் அப்படிச் சத்தம் போடுகிற ஆள் இல்லை. குங்குமத் தூள் கேமராவின் கண்ணுக்குள் போய்விட்டதாம். மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது அவள் கண் சிவந்திருந்ததைக் கெம்பம்மா என்னிடம் சொன்னாள். இந்த வருடம் பூஜை முடிந்து சித்தையன் எட்டிப் பார்த்தபோது லேத்துக்கு மாலை, வைஸுக்குப் பொட்டு, மோட்டாருக்கு மூன்று பட்டை விபூதி. கல் மட்டும் துடைத்த பலகை மாதிரி சுத்தமாக இருந்தது. சொன்னதைக் கேட்டிருக்கிறாள் என்று அவருக்கு ஒரு நிம்மதி.

இப்போது பிரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போகிற வயதில் லாரிச் சக்கரத்தில் அவளுடைய இடது கால் தொடையோடு போயிற்று. ஒரு சேவை மையத்தில் செய்து கொடுத்த செயற்கைக் காலோடுதான் கல்லூரி முடித்தாள், தேவராஜ மொஹல்லாப் பகுதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்கும் போனாள். பஸ்ஸில் போவாள், பஸ்ஸில் வருவாள். யாராவது எழுந்து இடம் கொடுத்தால், "பேடா ஆன்ட்டி, வேண்டாம், நீங்க உக்காருங்க, எனக்கு ஒரு கால்தான் வலிக்கும், உங்களுக்கு ரெண்டும் வலிக்கும்," என்று சிரிப்பாள். அந்தக் காலின் முட்டியில் சின்ன எஃகுத் தண்டாக ஒரு பின் இருக்கிறது. அதுதான் மேலே உள்ள பாகத்தையும் கீழே உள்ள பாகத்தையும் பிடித்துக்கொண்டிருப்பது. இரண்டு பக்கத்துத் துளைகளிலும் அது இறுகி உட்கார வேண்டும். கையால் தள்ளினால் போகக்கூடாது, வைஸில் வைத்து அழுத்தினால்தான் போக வேண்டும். நடந்து நடந்து பழைய பின் தேய்ந்து, அடி வைக்கும்போதெல்லாம் 'டிக்' என்று சத்தம் வந்தது. கடையில் கூட வேலை செய்கிறவர்கள் அவளைக் கடிகாரம் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

விஜயதசமி அன்று காலை. ஜம்பூ சவாரி என்கிற தசரா யானை ஊர்வலம் பார்க்கக் கடைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போவதாகப் பேச்சு.

"பூஜை முடிஞ்சு மொத வேலை புள்ளயோட காலுக்கு இருக்கட்டுமுங்க," என்றாள் மாதம்மா.

அவருக்கும் அதுதான் ஆசை. மாஸ்டர் பின்னைத் தேடினார். அது உள்ளே சாமி முன்னால், தட்டில், பூவுக்கு அடியில் இருந்தது. அவள்தான் எடுத்துப்போய் வைத்திருந்தாள். ராகுகாலம் கழிந்து மறுபூஜை செய்து, தேங்காய் உடைத்த பிறகுதான் தட்டிலிருந்து எதையும் எடுக்கலாம். பிரியாவோ தலைக்குப் பூ வைத்து, ஒற்றைக் காலில் கதவைப் பிடித்து நின்றுகொண்டு, "அப்பா, லேட் ஆகுதுப்பா. அவங்கெல்லாம் கிளம்பிட்டாங்க," என்கிறாள். முந்தாநாள்தான் மாஸ்டரை வைத்துப் பார்த்தார், எட்டு என்று காட்டியது. கேமராவை யாரும் தொடவில்லை. ஸ்டாண்டின் திருகுகள் அசையவில்லை. கல் சுத்தமாக இருக்கிறது. சரி என்று லேத்தைப் போட்டார்.

கடைந்தார், கல்லில் வைத்துப் பார்த்தார், மறுபடி கடைந்தார். கடைசியில் வேண்டிய எண் வரும்வரை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து எடுத்தார். பிறகு காலை வைஸில் வைத்துப் பின்னை அழுத்தினார். எப்போதும் வைஸ் முனகும். அன்று முனகவில்லை.

"சுலபமாப் போயிடுச்சேப்பா," என்றாள் பிரியா.

"ஆயுதபூஜை முடிஞ்ச கையில்லியா அம்மிணி. வெண்ணெய் மாதிரி போவுது," என்றார் அவர்.

அன்று அவள் கூட்டத்தில் நின்று யானையைப் பார்த்தாள், பொன் அம்பாரியைப் பார்த்தாள், பொரி தின்றாள், 'டிக்' சத்தமே இல்லாமல் நடந்து வீட்டுக்கு வந்தாள். அந்த வாரமே லேத் மோட்டார் புகைந்து கம்பிச் சுருள் மாற்ற வைண்டிங்குக்குப் போனது. கொட்டகை பூட்டியே கிடந்தது. கேமராவில் வேறு எதையும் அளக்க வேண்டி வரவில்லை.

தீபாவளி வியாபாரம் முடிந்து கடையில் லீவு விட்ட அன்று, சிட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, படியில் முதலில் செயற்கைக் காலை ஊன்றினாள் பிரியா. முட்டியிலிருந்து பின் வெளியே வந்துவிட்டது. கால் பக்கவாட்டில் மடிந்தது. முழு உடம்பும் வலது முட்டியின்மேல், சிமெண்டு ஓரத்தில் விழுந்தது.

நல்ல காலின் முட்டி. இருக்கிற ஒரே கால். அதில்தான் எலும்பு மூன்று இடத்தில் உடைந்தது.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்தார்கள். டாக்டர் பொறுமையான மனிதர், படம் போட்டுக் காட்டினார். இந்தக் காலில் இப்போதைக்கு எடையே வைக்கக்கூடாது. ஆனால் கட்டுப் பிரித்ததும் எழுந்து நின்றே ஆக வேண்டும், இல்லையென்றால் முட்டி அப்படியே கட்டையாகிவிடும். எதன்மேல் நிற்பது? வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்தச் செயற்கைக் காலின்மேல்தான். அந்தக் கால் பின் இல்லாமல் கட்டிலுக்கடியில் இரண்டு துண்டாகக் கிடந்தது, செருப்பு மாட்டியபடியே.

சேவை மையத்துக்காரர்கள் வெளியில் கடைந்த பின்னைப் பார்த்துவிட்டு, இனி இந்தக் காலுக்கு எங்களுக்குப் பொறுப்பில்லை என்றார்கள். புதுக் கால் அடுத்த முகாமில், கோடைக்கு. அதுவரை? கை விரித்தார்கள். சித்தையனுக்குத் தெரிந்த லேத் பட்டறைகளில் கேட்டார். "ஒத்தப் பீஸா? அதுவும் மனுசங்க கால்லயா? வேண்டாம் அண்ணா, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம தலையில வரும்." எல்லோரும் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாதம்மா பேசியதை அங்கிருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அளவு, அளவுன்னு உசுர எடுத்தீங்களே. எம்பட புள்ளயோட கால அளந்தது இதானுங்களா? கெம்பம்மா வீட்டு மாடியில குப்பையில கெடந்தது. அத நம்பி எம்பட புள்ளய நிக்க வெச்சீங்க. இனி அவ காலத் தொட்டீங்கன்னா, மலை மாதப்பன் சாமி மேல ஆணைங்க, அந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்."

சித்தையன் தலையை ஆட்டினார். பின்னைக் கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து கொட்டகையைத் திறந்தார். தூசு தட்டி, கேமராவைப் போட்டு, முதல் வேலையாக மாஸ்டரைக் கல்லில் வைத்தார். திரையில் எட்டு வரவில்லை. எட்டுக்கு மேல், புள்ளிக்கப்புறம் பூஜ்யம், அதற்கப்புறம் மூன்று. கேமராவைப் பார்த்தார், அதன் திருகில் தான் போட்டிருந்த பெயிண்ட் கோடு இம்மியும் விலகவில்லை. கேமரா கீழே இறங்கவில்லை. அப்படியானால் கல்தான் மேலே வந்திருக்க வேண்டும். கல் எப்படி மேலே வரும்?

தூக்கினார்.

அடியில், நாலு மூலையிலும், நாலு சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். காய்ந்து, ஓடு மாதிரி கெட்டியாக ஒட்டியிருந்தது. மேசையிலும் அதே இடத்தில் அதன் பாதி. மேலே வைக்கக்கூடாது என்று அவர்தானே சொன்னார். பொட்டு இல்லாமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. இவர் கண்ணில் படாமல், கேமராவின் கண்ணில் படாமல், கல்லைத் தூக்கி அடியில் வைத்துவிட்டு, நகத்தளவும் சிந்தாமல் துடைத்து, திரும்பவும் அதே இடத்தில் பொருத்தியிருக்கிறாள். எவ்வளவு கவனமாகப் பொருத்தியிருந்தால் அவருக்கே தெரியாமல் போயிருக்கும். அந்தச் சந்தனத்தின் தடிமனுக்குக் கல் உயர்ந்தது. பின் பெரிதாகத் தெரிந்தது. பெரிதாக இருக்கிறதே என்று அவர் தேய்த்துத் தேய்த்துச் சிறிதாக்கினார். இறுகி உட்கார வேண்டிய பின் சும்மா உட்கார்ந்தது. அடிக்கு அடி நகர்ந்து, நகர்ந்து, வெளியே வந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சித்தையன் கல்லை அது இருந்தபடியே இறக்கி வைத்தார்.

"இங்க என்ன பண்றீங்க?" என்றாள் மாதம்மா.

"ஒண்ணுமில்ல. கை தப்பிப் போச்சான்னு பாத்தேன்."

"தப்பிருச்சா?"

"தப்பிருச்சு. விரல்ல உணர்வு இல்லியே. கூடத் தேச்சுட்டேன்."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. பிரியாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டு, ஜன்னலோரம் படுக்க வைத்தார்கள். கெம்பம்மா தினமும் ராகி அம்பலிக் கூழ் கொண்டு வந்து தருவாள், ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பாள். பிரியா அவளுக்காகச் சிரிப்பாள். நான் போனபோது, "என் தப்புதான் ஆன்ட்டி, கூட்டத்துல அவசரமா எறங்கிட்டேன், வெயிட் வேற போட்டிருக்கேன்," என்றாள். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சித்தையன் எழுந்து வெளியே போனார். அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருப்பதைத் திரும்பி வரும்போது பார்த்தேன்.

கட்டுப் பிரிக்கிற நாள் நெருங்கியது. வைண்டிங்குக்குப் போன மோட்டார் வந்துவிட்டது. அவர் மாட்டவில்லை. சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, மாஸ்டரை வைத்துப் பார்த்து, ஒரு காலை நேரத்தில் புதுப் பின் கடைந்துவிடலாம். அது அவருக்குத் தெரியும். ஆனால் காலைத் தொடக்கூடாது என்று ஆணை. என்ன தப்பு என்று சொல்லாமல் ஆணையை நீக்கு என்று எப்படிக் கேட்பது? சொன்னால், மகளுடைய நல்ல காலை உடைத்தது இன்ன கை என்று அந்தக் கையிடமே காட்டியது ஆகும். அதற்கப்புறம் அந்தக் கை பூ கட்டுமா, சோறு பிசையுமா?

பேசாமல் துடைத்துவிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஈரத் துணியோடு இரண்டு முறை போனார். கல்லைத் தூக்கினார், பார்த்தார், வைத்துவிட்டு வந்தார். தன் கை தப்பவில்லை என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அது. மனிதருக்கு அதையும் அழிக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.

ஒருநாள் மாதம்மா மார்க்கெட்டிலிருந்து வராத நேரத்தில் பிரியா கேட்டாள்.

"அப்பா, நிஜ சொல்லு. எப்படித் தப்பாச்சு?"

"கை தப்பிருச்சு அம்மிணி."

"சுள்ளு ஹேள்பேடாப்பா. பொய் சொல்லாதே. கைய நம்ப முடியாதுன்னுதானே கேமராவே வெச்சே? கேமராவுல வர நம்பர் உன் கையக் கேட்டா வருது? நான்தானே அத செட் பண்ணிக் கொடுத்தேன்."

அவர் தலையணையைச் சரிசெய்தார்.

"என் மேல தப்பு இல்லன்னா சொல்லிடுப்பா. தினம் நான் படியில காலு வெச்சதையே நெனச்சிட்டுப் படுத்திருக்கேன். எப்படி வெச்சேன், சாஞ்சு வெச்சேனான்னு. தலை கெட்டுப் போகுது."

"உம் மேல ஒரு தப்பும் இல்ல சாமி. மாதப்பன் மேல ஆணை."

"அப்போ யாரு மேல?"

கதவருகில் பூக்கூடையை இறக்கிக்கொண்டிருந்த மாதம்மா அதைக் கேட்டாள். அவள் எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது. கூடையை ஓரமாக வைத்தாள், கால் கழுவினாள், முகம் கழுவினாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்து கணவர் முன்னால் நின்றாள்.

"வாங்க. காட்டுங்க."

"என்னத்தக் காட்ட?"

"எங்க தப்பாச்சுன்னு. நான் படிக்காதவதான். எனக்கு வெளங்கற மாதிரி காட்டுங்க. வெளங்கிருச்சுன்னா ஆணைய நானே திருப்பி எடுத்துக்கறேன், மாதப்பன் மலைக்குப் போயி முடி எறக்கித் தீத்துக்கறேன். புள்ள நிக்கோணும். இனியும் யார் மேல கோவம்னு பாத்துட்டு இருந்தா முட்டி கட்டையாப் போயிரும்."

"வேண்டாம் மாதா."

"ஏன் வேண்டாம்?"

அவள் கொட்டகைக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். ஸ்விட்சு எங்கே என்று அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் முனகி விழித்தது, கறுப்புக் கல் திரையில் வந்தது. அலமாரியிலிருந்து மாஸ்டரைத் துணியோடு எடுத்து, அவர் எடுப்பது போலவே ஓரத்தைப் பிடித்து எடுத்து, கல்லில் வைத்தாள். பச்சைக் கோடுகள் வந்து ஒட்டின. எண் வந்தது.

எண் படிக்க அவளுக்கு வரும். பஸ் நம்பர் பார்த்துத்தானே மார்க்கெட் போகிறாள்.

"இது எட்டுத்தானுங்களே? எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. எட்டுக்கு மேல காட்டுது."

"ஆமா."

"மாஸ்டரு பெருத்துப் போச்சா?"

"எஃகு எங்கயாச்சும் பெருக்குமா."

"கேமரா கெட்டுப் போச்சா?"

"இல்ல."

"கீழ எறங்கிருச்சா?"

"இல்ல புள்ள. போதும் விடு. எங்கையிதான். நான்தான் மாஸ்டர வெச்சுப் பாக்காம கடஞ்சேன். அது எந் தப்புத்தான். வா, உள்ள போலாம்."

அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவள் கேட்கவில்லை. கேமராவைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள்.

"அப்ப கல்லு..." என்றாள். பாதியில் நின்றுவிட்டாள்.

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தையன் கை நீட்டி அவள் தோளைத் தொட்டார். தொட்டது அவர் விரலுக்குத் தெரியாது. அவள் மாஸ்டரை எடுத்துத் துணியில் சுற்றி, அலமாரியில் வைத்தாள். பிறகு இரண்டு கைகளாலும் கல்லைத் தூக்கி, குப்புறத் திருப்பி, பக்கத்தில் சாய்த்து வைத்தாள். அவள் வைத்த நாலு பொட்டும் அப்படியே இருந்தன. அவள் அழவில்லை.

"அம்மா? அப்பா? என்ன சத்தமே காணோம்?" முன்னறையிலிருந்து பிரியா கூப்பிட்டாள்.

மாதம்மா குனிந்து, மேசையில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். அது எளிதில் வருவதாயில்லை. திரையில் அவளுடைய நகம் மலை மாதிரி வந்து நின்றது. பூக்காம்பின் பச்சைக் கறை படிந்து, நாரில் அறுபட்ட வெடிப்புகளோடு, மங்கலாக, முன்னும் பின்னும், முன்னும் பின்னும். கேமரா அதையும் அளக்கப் பார்த்தது. பச்சைக் கோடுகள் நகத்தின் ஓரத்தைத் துரத்தித் துரத்தி வந்து ஒட்டுவதும் விலகுவதுமாக இருந்தன. கீழே எண்கள் மாறிக்கொண்டே போயின, எந்த எண்ணிலும் நிற்காமல்.

அவ்வளவுதான், கண்ணுகளா. கையை விட்டுவிடாமல் எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் நிற்கிற கால் எல்லாம் நின்றபடி இருக்கட்டும். படுத்திருக்கிறவர் எழுந்து வாசல்வரை நடந்து வரட்டும். உங்கள் அடுப்பில் பாலும் சோறும் பொங்கட்டும், பிள்ளைகள் இருட்டும்முன் வீடு வந்து சேரட்டும். ஒருவர் மனதில் இருப்பதை இன்னொருவர் கோபமில்லாமல் கேட்கிற வீடாக உங்கள் வீடு நூறாண்டு இருக்கட்டும்.